கார் கொட்டகையில் 32 பேர்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறி, வலது கைப் பக்கம் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். மடியில் பால்கோவாப் பொட்டலம் இருக்கிறதல்லவா? இருக்கட்டும். வண்டி ஊரை விட்டுக் கிளம்பியதும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரந்தான் என்று ஊரார் மார் தட்டிக் கொள்ளும் அந்த ஆண்டாள் கோயில் ராஜகோபுரம், பதினொரு நிலைகளோடு உங்களை வழியனுப்பிக் கொண்டிருக்கும். வலப் பக்கம் மேற்கு மலைத் தொடர் கூடவே வரும். இந்த இரண்டையும் நீங்கள் ஒருவர்தான் பார்த்துக் கொண்டிருப்பீர்கள். பஸ்ஸில் இருக்கும் மற்றவர்கள் அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் உள்ளங்கையைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்!

கைரேகை சாஸ்திரம் அல்ல, கைபேசி. அதற்குள்ளே இருப்பது ஒரு முழுக் கம்ப்யூட்டர். ஐம்பது வருஷத்துக்கு முன்னே ஒரு பெரிய ஹாலையே அடைத்துக் கொண்டு, குளிர்சாதன வசதியோடு ராஜபோகமாக வாழ்ந்த யந்திரந்தான், இன்றைக்கு முறுக்கு விற்கிறவர் சட்டைப் பையிலே சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கிறது.

இந்த அதிசயத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பையன்கூட இரண்டு கோடீசுவரர்களின் பெயரைச் சொல்லுவான். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் நான் இன்று உங்களுக்குச் சொல்லப் போவது கோடீசுவரர் கதை அல்ல. பணத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போன ஒரு மனிதரின் கதை. அவர் பெயர் பிரெட் மூர். கேள்விப்பட்டதில்லையே என்கிறீர்களா? அதனால்தானே எழுதுகிறேன்!

1975-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊர். புதன்கிழமை இரவு, மழை வேறு. கார்டன் பிரெஞ்சு என்ற எஞ்சினீயர் வீட்டுக் கார் கொட்டகையில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து கூடினார்கள். அனைவருக்கும் நாற்காலி இல்லை. வெறும் சிமெண்டுத் தரையில் சிலர் உட்கார்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால் 32 பேர். அவர்களைக் கூட்டியவர்கள் இருவர்: கொட்டகைக்குச் சொந்தக்காரரான பிரெஞ்சு ஒருவர், நம் மூர் இன்னொருவர். உலகம் முழுவதும் பின்னால் பேசப்பட்ட "ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்" அன்றைக்குத்தான் பிறந்தது. ஹோம்ப்ரூ என்றால் வீட்டிலேயே காய்ச்சியது என்று அர்த்தம். காய்ச்சியது சாராயம் அல்ல, கம்ப்யூட்டர்!

வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் அன்றைக்கு அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் தெரியுமா? நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 என்ற ஒரு பெரிய யந்திரம் வந்து இறங்கியது. மாணவர்கள் கணக்கை அட்டையில் துளை போட்டு எழுதி, கட்டாகக் கட்டி, பூசாரியிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுப்பது போல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யந்திரத்தைத் தொடக் கூடாது. கர்ப்பக்கிருகத்துக்குள் நுழையக் கூடாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் என்றால் சர்க்காருக்கும், ராணுவத்துக்கும், பெரிய கம்பெனிகளுக்கும் உரியது. அதைச் சாதாரண மனிதன் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கொள்ள வேண்டும் என்று நினைத்த முதல் சில பேரில் ஒருவர் மூர். அவர் ஏன் அப்படி நினைத்தார்? அதற்கு அவருடைய பூர்வ கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

மூரின் தகப்பனார் அமெரிக்க விமானப் படையில் பெரிய அதிகாரி. பிள்ளையோ நேர் எதிர். 1959-ம் ஆண்டு அக்டோபரில், பதினெட்டு வயதில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கலாசாலையில் முதல் வகுப்பு மாணவராகச் சேர்ந்த கையோடு ஒரு காரியம் செய்தார். அங்கே ஆண் மாணவர்கள் எல்லோரும் கட்டாயமாக ராணுவப் பயிற்சி எடுக்க வேண்டும். "கொல்லுவதற்குக் கற்றுக் கொள்ள என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை" என்ற எண்ணம் கொண்ட அந்தப் பையன் விலக்குக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கலாசாலை நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, ஏழு நாள் உண்ணாவிரதம் என்று அறிவித்துவிட்டார்!

ஏழு நாள் நடக்கவில்லை. இரண்டு நாளைக்குள் தகப்பனார் வந்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். வேடிக்கையாக இருக்கிறதா? ஆனால் அந்த ஒற்றைப் பையன் உட்கார்ந்த படிக்கட்டில்தான் ஐந்து வருஷம் கழித்து ஆயிரக் கணக்கான மாணவர்கள் பேச்சுரிமை கேட்டுத் திரண்டார்கள். கட்டாயப் பயிற்சியும் 1962-ல் எடுபட்டுப் போயிற்று. மூர் பிற்பாடு சமாதானப் பாத யாத்திரை போனார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டத்துக்கு இணங்க மறுத்துச் சிறையும் சென்றார்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த ரகத்து மனிதர்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாகவும், பின்னர் ஒரிஸ்ஸா கவர்னராகவும் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா அந்த ஊர்க்காரர். பதவியில் இருந்தவர்கள் வீடு கட்டிக் கொள்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அவரோ இருந்த வீட்டையும் பொதுக் காரியத்துக்கு என்று கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். மூர் காந்தி கலை மன்றத்தைக் கண்டதில்லை. ஆனால் கண்டிருந்தால் அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் மூருக்கும் பணத்துக்கும் நடந்த சண்டை ஒரு தனிக் கதை. 1971-ம் வருஷம் ஜூன் மாதம், ஸ்டீவார்ட் பிராண்டு என்பவர் தாம் நடத்தி வந்த "ஹோல் எர்த் காட்டலாக்" என்ற பிரசித்தி பெற்ற பிரசுரத்தை மூடி விடுவதென்று தீர்மானித்து, ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு விருந்து வைத்தார். நடு இரவில் திடீரென்று, "இதோ 20,000 டாலர் ரொக்கம்! இதை என்ன செய்யலாம் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று கூட்டத்திடம் கொடுத்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருவர் பின் ஒருவராக மேடையேறி யோசனை சொன்னார்கள். விவாதம் விடிய விடிய நடந்தது. நோட்டுக் கட்டு கை மாறி, கை மாறி, நடுவில் ஐயாயிரம் டாலர் போல மாயமாய் மறைந்தும் போயிற்று!

கூட்டத்தில் இருந்த மூர் மட்டும், பணம் முக்கியமில்லை, இத்தனை பேர் ஒன்றாய்க் கூடியிருக்கிறோமே, அதுதான் முக்கியம். ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக் கொள்வோம், ஒருவருக்கு ஒருவர் உதவியாக இருப்போம் என்று வாதாடினார். பொழுது புலர்ந்தபோது எஞ்சி நின்றது சொற்பப் பேர். "வேண்டாம் என்றவனிடமே கொடு" என்ற நியாயப்படியோ என்னவோ, மீதியிருந்த சுமார் பதினையாயிரம் டாலரும் மூரின் தலையிலேயே வந்து விடிந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொல்லையில் புதைத்து வைத்தார்! தமக்கென்று ஒரு வருமானம் இல்லாத மனிதர். மகளைத் தனியாக வைத்து வளர்த்த மனிதர். நம் வீட்டுப் பெண்மணிகள் இதைக் கேட்டால், "அசடு" என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

பணத்தைப் புதைத்தவர், பெயர்களைப் புதைக்கவில்லை. யாருக்கு எதில் அக்கறை, யாரிடம் என்ன தெரியும், யாருக்கு என்ன தேவை என்று சீட்டுச் சீட்டாக எழுதிச் சேர்த்து வந்தார். கல்யாணத் தரகர் ஜாதகம் சேர்ப்பாரே, அந்த மாதிரி. சீட்டுகள் பெருகப் பெருக, எதை எங்கே தேடுவது? இதற்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் எவ்வளவு சௌகரியம்! கவனியுங்கள்: அவர் யந்திரத்தின் மேல் மோகம் கொண்டு மனிதர்களிடம் வரவில்லை. மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்து வைப்பதற்காக யந்திரத்திடம் போனார்.

மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்டு என்பவர் "பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி" என்று ஒன்று நடத்தி வந்தார். பெயர்தான் கம்பெனி, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கலாம். புதன்கிழமைதோறும் அங்கே கூட்டாஞ்சோறு உண்டு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து, சாப்பிட்டுக் கொண்டே அரட்டை. மூரும் பிரெஞ்சும் அங்கே பழகியவர்கள். கூட்டாஞ்சோறு நின்று போனதும் இருவருக்கும் கை ஒடிந்தாற்போல் ஆகிவிட்டது. நாமே ஒரு கூட்டம் கூட்டினால் என்ன? ஒரு காகிதத்தில் அறிவிப்பு எழுதி, ஆட்கள் கண்ணில் படும் பலகைகளில் ஒட்டினார்கள். "கம்ப்யூட்டர் கட்டுகிறவரா நீங்கள்? உங்களைப் போன்றவர்களோடு கூட விருப்பமா? வாருங்கள்!" என்பதுதான் அதன் சாரம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்தால் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தூங்குகிற தோழிகளை எழுப்பி, எல்லாரும் கூடித்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெண் பிள்ளை அவர்கள் ஊரில் பிறந்தவள்தானே! தனியாகப் போய்ப் பலனைப் பெற்றுக் கொண்டு வர ஆண்டாளுக்குத் தெரியாதா என்ன?

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். நடுவில் ஒரு நீலப் பெட்டி. அதன் பெயர் ஆல்டேர் 8800. அந்த வருஷம் ஜனவரி மாதத்து "பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்" பத்திரிகையின் அட்டையில் வந்து, தேசத்தையே கிறுக்குப் பிடிக்க வைத்த சரக்கு. உதிரி உதிரியாகத் தபாலில் வரும். விலை 397 டாலர். நாமேதான் பற்ற வைத்துப் பூட்ட வேண்டும். டைப் அடிக்கும் விசையும் கிடையாது, திரையும் கிடையாது. முன் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள், மேலே மினுக்கும் விளக்குகள். நினைவாற்றலோ 256 எழுத்து. இந்தப் பாராவைக்கூட அதனால் மனப்பாடம் செய்ய முடியாது!

இதை வீட்டில் வைத்துக் கொண்டு என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. கடிதம் எழுதித் திருத்தலாம் என்றார்கள். விளையாடலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் செய்யலாம், சமையற்கட்டில் உதவி பெறலாம். ஆளுக்கொன்று சொன்னார்கள். மூர் எல்லாவற்றையும் குறித்துக் கொண்டார். பத்து நாளில், மார்ச் 15-ந் தேதியிட்ட செய்தித் தாள் ஒன்று அவர் கையால் தயாராகி அங்கத்தினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்ற அந்தப் பழைய சீட்டு வேலைதான், அச்சில்!

மூன்றாவது கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அன்றைக்கு ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற வாலிபர் ஆல்டேரைத் தூக்கிக் கொண்டு வந்து, பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸிஸ்டர் ரேடியோவை வைத்தார். ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டளைகளை ஏற்றினார். திடீரென்று ரேடியோ பாடத் தொடங்கிற்று! பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டு ஒன்று. அதற்கடுத்து "டெய்ஸி" என்ற பழைய பாட்டு. யந்திரம் ஓடும்போது கிளம்பும் மின்சார இரைச்சல் பக்கத்து ரேடியோவைக் கெடுக்கும் அல்லவா? அந்தக் கோளாறையே ஸ்வரமாக்கிவிட்டார் மனிதர். கூட்டம் எழுந்து நின்று கைதட்டி, மறுபடி, மறுபடி என்று கத்தியது. பிரயோஜனம் என்ன என்று கேட்கிற பெரியவர்களுக்கு அன்று ஒரு பதிலும் இல்லை. பிரயோஜனத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

முதல் கூட்டத்துக்கே, நண்பர் ஒருவர் சொல்ல, தயங்கித் தயங்கி வந்து சேர்ந்த கூச்ச சுபாவமுள்ள இளைஞர் ஒருவர். எதிரே இருக்கிறவரிடம் பேசவே நாக்கு எழாது. ஹூலெட் பாக்கார்டு கம்பெனியில் உத்தியோகம். பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக். கொட்டகையில் கையில் கிடைத்த ஒரு நுண்சில்லின் விவரத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். அதிலிருந்து தாமே ஒரு கம்ப்யூட்டரை வரைந்து கட்டினார். கட்டியதோடு நில்லாமல், வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கிளப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தார். "இனாமாக ஏன் கொடுக்கிறாய்? பலகை செய்து விற்கலாமே!" என்றவர் அவருடைய சிநேகிதர் ஸ்டீவ் ஜாப்ஸ். ஜாப்ஸ் தம் வேனை விற்றார். வாஸ்னியாக் தம் கால்குலேட்டரை விற்றார். 1976-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி "ஆப்பிள்" பிறந்தது. மீதிக் கதையை உங்கள் பேரனே சொல்லுவான்.

இதற்குள் கிளப்பில் ஒரு தகராறும் முளைத்துவிட்டது. ஆல்டேருக்காக பில் கேட்ஸ் என்ற பையனும் பால் ஆலன் என்ற அவர் தோழரும் "பேஸிக்" என்ற புரோகிராம் எழுதியிருந்தார்கள். அது காகித நாடாவில் துளைத்துளையாக இருக்கும். 1975-ல் ஆல்டேர்க் கம்பெனியார் பாலோ ஆல்டோ ஓட்டல் ஒன்றில் கண்காட்சி நடத்தியபோது, ஒரு நாடா எப்படியோ கிளப்புக்கு வந்து சேர்ந்தது. டான் ஸோகல் என்ற அங்கத்தினர் அதைப் படி எடுத்து, அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து விநியோகித்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஒன்று எடுத்துப் போகிறவர் திரும்பி வரும்போது இரண்டாகக் கொண்டு வர வேண்டும்!

கேட்ஸுக்குக் கோபம் வந்தது. 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். 40,000 டாலருக்கு மேல் பெறுமானமுள்ள கம்ப்யூட்டர் நேரத்தைச் செலவழித்து எழுதினோம். உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள். கிடைத்த பணத்தை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்றார். அப்போது அவருக்கு வயது இருபது.

இதில் யார் பக்கம் நியாயம்? பால்கோவாவை வைத்தே பார்க்கலாம். பாலைச் சுண்டக் காய்ச்சும் பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தால், நம் வீட்டுப் பக்குவம் ஒன்றும் குறைந்து போவதில்லை. ஆனால் விறகடுப்பின் முன்னே வெந்து நின்று கிண்டியவனின் சரக்கைக் கூலி கொடுக்காமல் எடுத்துப் போனால் அது களவு. புரோகிராம் என்பது பக்குவமா, சரக்கா? அங்கேதான் சிக்கல். படி எடுத்தாலும் மூலம் குறைவதில்லை என்பதால் பக்குவம் மாதிரி இருக்கிறது. இரவு பகலாக உழைத்துத்தான் உண்டாகிறது என்பதால் சரக்கு மாதிரியும் இருக்கிறது. கேட்ஸ் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைப்புக்குக் கூலி கேட்டால் அது பாவமா? வியாபாரமும் பாவம் அல்ல. நூற்பாலையில் தொடங்கிய ராஜபாளையத்து ராம்கோ குழுமத்தார் பின்னாளில் மென்பொருள் கம்பெனியும் நடத்தி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடவில்லையா? ஆனாலும், அந்தக் கொட்டகையில் ஆளுக்கு ஆள் கதவைப் பூட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆல்டேரும் பாடியிராது, ஆப்பிளும் காய்த்திராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மூர் இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே கிளப்பை விட்டுப் போய்விட்டார். சேர்ந்து வாழ்வதற்கு ஒரு கருவி தேடி வந்தவர் அவர். வந்தவர்களில் பலர் கம்பெனி தொடங்கும் கனவில் இருந்தார்கள். நேற்று வரையில் எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசியவர்கள், கம்பெனி தொடங்கிய மறு நாள் வாயை மூடிக் கொண்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அந்தக் கிளப்பிலிருந்து கிளம்பின. மூருக்கு ஒன்றிலும் ஒரு பங்கும் கிடையாது, கேட்கவும் இல்லை. கிளப் மட்டும், லீ பெல்ஸன்ஸ்டைன் என்பவர் கையில் கோலோடு கூட்டத்தை மேய்க்க, பல நூறு பேராகப் பெருகி, 1986 டிசம்பர் வரையில் நடந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கொட்டகைக்கு வாரிசு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்தில் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம், "மயிலை" என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998-ம் ஆண்டு பொங்கலன்று "மதுரைத் திட்டம்" என்ற பெயரில் ஒரு காரியம் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தேச தேசாந்தரங்களில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நடந்த கூட்டாஞ்சோறு அது. ஆரம்பத்திலேயே ஏறிய நூல்களில் நாலாயிர திவ்வியப் பிரபந்தமும் ஒன்று. அதற்குள்ளே திருப்பாவையும் இருக்கிறது. கோபுரத்தைத் திரும்பிப் பார்க்காத பஸ் பிரயாணிகூட, மார்கழியில் மனம் வந்தால், உள்ளங்கையிலேயே அதை வரவழைத்துப் படித்துக் கொள்ளலாம். காசு கேட்க ஆள் இல்லை.

மூர் பிற்காலத்திலும் மாறவில்லை. 1980-ல் அமெரிக்க அரசாங்கம் வாலிபர்களை ராணுவத்துக்குப் பெயர் பதியச் சொன்னபோது, மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் செய்தித் தாள், மறுபடியும் பெயர்ப் பட்டியல். 1997-ல் ஒரு கார் விபத்தில் உயிர் துறந்தார். அந்தக் கொல்லையில் புதைத்த பணமோ, எப்போதோ தோண்டி எடுக்கப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுக் காரியங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதோ, ராஜபாளையம் வந்துவிட்டது. பால்கோவாப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள்!